டெய்லரக்கா சொல்லாமல் விட்ட வரி

சித்தி போன மாதம் இறந்துபோனாள். அவளை நினைக்கும்போதெல்லாம் அழுகைக்கு முன்னால் கடைவீதித் திறப்பு விழாதான் நினைவுக்கு வருகிறது.

சித்தி பெண்களுக்குத் துணி தைப்பவள். ஊருக்கே டெய்லரக்கா. டேப்பைக் கண்டதும் யாராக இருந்தாலும் மூச்சை இழுத்துப் பிடித்து, வயிற்றை உள்ளே தள்ளி, விறைப்பாக நின்றுவிடுவார்கள். அந்த அளவை நம்பித் தைத்தால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டதும் பொத்தான் தெறிக்கும். அதனால் அளவெடுக்கும்போது அவர்களைப் பேசவைப்பாள்.

"ஏதாவது பேசு."

"என்னத்தப் பேச, டெய்லரக்கா?"

"நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லு, போதும்."

அவள் சொன்னது சித்தப்பாவைப் பற்றி அவளே கட்டிய கவிதை. சண்டை நடந்த வருடத்தில் சீருடைக்காரர்கள் கடைவீதியைக் கொளுத்தினார்கள். சித்தப்பா தன் துணிக்கடைக்குள்ளேயே வெந்து போய்ச்சேர்ந்தார். மாடி ஜன்னலிலிருந்து சித்தி எல்லாவற்றையும் பார்த்தாள். அரசாங்கம் மின்கசிவு என்று எழுதிவிட்டது. அவள் கொடுத்த மனுவை வாங்கிக்கொள்ளக்கூட ஆள் இல்லை. திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்தவள், மிதித்துக்கொண்டே வரிகளைச் சேர்த்தாள்.

கடை திறந்திருந்தது,
நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய்.
தீ தானாக வரவில்லை,
பூட்ஸ் போட்டு நடந்து வந்தது.
சாம்பலில் உன் அளவைத் தேடினேன்,
தோள் அகலம் கிடைக்கவில்லை.

கடைவீதியைப் புதிதாகக் கட்டி முடித்தபோது, வணிகர் சங்கத் தலைவர், சித்திக்கு உதவியாக நானும் இருந்த தையல் கடைக்கு வந்தார்.

"உங்க கவிதையை மேடையில சொல்லணும்மா. என் சம்சாரமே பிடிவாதமா கேக்குறா. அந்த பூட்ஸ் வரி மட்டும் வேண்டாம். பெரிய அதிகாரிங்க வர்றாங்க."

"ஒரு கையை விட்டுட்டு சட்டை தைக்கச் சொல்றீங்க."

"ஒரே ஒரு வரிதானேம்மா."

சித்தி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "சரி. அந்த வரியை நான் சொல்லமாட்டேன்."

அவர் போனதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வரி இல்லாவிட்டால் கவிதையும் மின்கசிவு என்றுதானே சொல்லும்?

"இதுக்குத்தான் இத்தனை வருஷம் சொல்லிட்டு இருந்தியா, சித்தி?"

"வாயில குண்டூசி வெச்சிருக்கேன். பேச்சுக் குடுக்காதே."

விழாவன்று தெருவில் கால்வைக்க இடமில்லை. கல்வெட்டைத் திரைபோட்டு மூடியிருந்தார்கள். 'மின்கசிவால் எரிந்த கடைவீதி' என்று அதில் வெட்டியிருப்பது எல்லாருக்கும் தெரியும். சித்தி மேடையேறி மைக்கின் முன் நின்றாள். முதல் இரண்டு வரிகளைச் சொன்னாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். கழுத்தில் எப்போதும் தொங்கும் டேப்பை எடுத்து, எதிரே யாரோ அளவு கொடுக்க நிற்பதுபோல இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

அவ்வளவுதான். கீழே நின்ற பெண்களுக்குப் பழக்கம் விடவில்லை. காய்கறிக்காரம்மா ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ், பள்ளிக்கூட டீச்சர், எனக்குப் பெயர்கூடத் தெரியாத பெண்கள் என்று எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

"தீ தானாக வரவில்லை, பூட்ஸ் போட்டு நடந்து வந்தது."

யாரோ ஓடிப்போய் மைக்கை அணைத்தார். அணைத்து என்ன செய்ய? மைக் மேடையில் இருந்தது, வரி தெருவில் இருந்தது. அதிகாரி தலைவரைப் பார்த்தார். தலைவர் முன்வரிசையில் இருந்த தன் மனைவியைப் பார்த்தார். சித்தி தைத்த நீலச் சட்டையில், அந்த அம்மாள்தான் எல்லாரையும்விட உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கல்வெட்டின் திரையை அன்று யாரும் விலக்கவில்லை. பிறகு ஒருநாள் கல்லையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்தீங்களேம்மா," என்றார் தலைவர், விழாவன்றே மேடைக்குப் பின்னால்.

"நான் சொன்னேனா?" என்றாள் சித்தி.

அடுத்த வாரம் தலைவரின் மனைவி புதுத் துணியோடு வந்தாள். டேப் தோளில் படுவதற்கு முன்பே கேட்டாள்: "முதல்லேர்ந்து சொல்லவா, டெய்லரக்கா?"