யூலைக்குப் பிறகு இங்கே பல் கட்டப்படமாட்டாது

இடது கைப் பெருவிரல் மேலுதட்டைத் தூக்கிப் பிடித்தது. வலது கை, இளஞ்சிவப்புக் களி நிரப்பிய தட்டத்தைச் சரித்து வாய்க்குள் நுழைத்து, நேராக்கி, மேல் அண்ணத்தோடு மெல்ல அழுத்தியது. பின்பக்கம் முதலில், முன்பக்கம் பிறகு. மாறிச் செய்தால் களி தொண்டைப் பக்கம் இறங்கிவிடும். இறுகுவதற்கு இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் விரல்கள் அசையவில்லை.

"மூக்கால மூச்சு விடுங்கோ அண்ணை. கதைக்கப்படாது."

கதைக்காமல் இருப்பது யாக்கோப்புவுக்குப் பல்வலியைவிடப் பெரிய கஷ்டம். வயது எழுபத்திரண்டு. தெற்கு இலண்டனில் உள்ள தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு முப்பது வருடமாகப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர். கவுன்சில் வீடு, பெனிபிட், அகதி விண்ணப்பம் என்று எத்தனையோ பேருடைய வாழ்க்கை அவருடைய பேனாவைத் தாண்டிப் போயிருக்கிறது. வாயில் மிஞ்சியிருந்த ஆறு பற்களும் ஆடின. அடுத்த கிழமை பல்வைத்தியர் பிடுங்குகிறார். ஈறு ஆற ஆறு மாதம். அதற்குப் பிறகுதான் முழுப் பல்வரிசை கட்டலாம். சொந்தப் பற்கள் எப்படி நின்றன என்று பிறகு பார்ப்பதற்காகவே இந்த அச்சு.

அச்சு எடுத்தவள் அனோஜினி. மன்னார்ப் பெண். அதே தெற்கு இலண்டனில், நோர்பரியில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே வாடகை அறையில் பல் கட்டுகிறாள்.

தட்டம் வெளியே வந்ததும் யாக்கோப்புவின் கேள்வியும் வெளியே வந்தது.

"அப்ப, அந்த அமெரிக்கன் பேப்பர்? கையெழுத்து வைச்சிட்டியோ?"

"இல்லை."

"ஏன் பிள்ளை? கிறீன் கார்ட் கையில. புருசன் அமெரிக்கன். இனி ஒரு கையெழுத்துத்தானே?"

அந்த ஒரு கையெழுத்துத்தான் பிரச்சினை. அவளுடைய கணவன் நிஷாந்த் நியூ ஜேர்சியில் வளர்ந்த அமெரிக்கப் பிரஜை. ஒரு அமெரிக்கக் காப்புறுதிக் கம்பனி அவனை இலண்டனுக்கு அனுப்பியிருந்தது. அப்படி வெளிநாட்டில் வேலைக்கு அனுப்பப்பட்டவரின் கணவனோ மனைவியோ, வருடக்கணக்காக அமெரிக்காவில் வாழ்ந்து காட்டாமலே பிரஜாவுரிமை கேட்கலாம். விண்ணப்பித்து, நேர்முகத்துக்கு ஒருமுறை அங்கே போய், சத்தியம் செய்துவிட்டுத் திரும்பிவிடலாம். ஆனால் ஒரு கூற்று எழுதிக் கொடுக்கவேண்டும். கணவன் வெளிநாட்டில் இருக்கும்வரை அவனோடு இருப்பேன். அந்த வேலை முடிந்த உடனே அமெரிக்காவுக்குக் குடிபோவேன்.

நிஷாந்தின் தவணை மறுவருடத்துக்கும் அடுத்த வருட யூலையில் முடிகிறது. முடிந்ததும் இங்கேயே வேறு கம்பனியில் சேருவது அவன் திட்டம். நோர்பரியில் மூன்று அறை வீடொன்றுக்கு விலையும் கேட்டிருந்தான்.

"நாங்கள் போகப்போறதில்லை அண்ணை. போவன் எண்டு எப்பிடி எழுதுறது?"

"ஒரு வசனம் பிள்ளை. ஆர் வந்து பாக்கப்போறான்?"

அனோஜினி அச்சைத் தண்ணீரில் அலசினாள். "முந்தியும் நீங்கள் இதைத்தான் சொன்னனீங்கள்."

யாக்கோப்பு மூக்குக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

முந்தி என்பது 2007. இருபத்திரண்டு வயதில் இலண்டனுக்கு வந்து சேர்ந்தவளின் அகதி விண்ணப்பத்தை எழுதியவர் அவர்தான். அண்ணனை இராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போனார்கள், அவளைத் தேடி இருமுறை வீட்டுக்கு வந்தார்கள், அவள் பேசாலையில் ஒரு வள்ளக்காரர் வீட்டில் ஒளிந்திருந்தாள். அவ்வளவும் உண்மை. அது காணாது என்று நினைத்த யாக்கோப்பு, "மூன்று நாள் முகாமில் தடுத்து வைக்கப்பட்டேன்" என்று ஒரு வசனம் சேர்த்தார். விசாரித்த அதிகாரி அந்த அறைக்கு எத்தனை ஜன்னல் என்று கேட்டார். பிறகு வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அவள் இரண்டு கேள்விக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாத பதில் சொன்னாள். முகாமை நம்பாதவர்கள் அண்ணனையும் நம்பவில்லை; விண்ணப்பத்தை நிராகரித்தார்கள்.

ஏழு வருடம். வேலை செய்ய அனுமதி இல்லை. ஒவ்வொரு கிழமையும் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். கடைசியில் அந்த ஒரு வசனத்தையும் பொய் என்று தானே ஒப்புக்கொண்டு, மிச்சத்தைத் திரும்பச் சொல்லித்தான் அவளுக்கு விசா கிடைத்தது.

"அப்ப எல்லாருக்கும் அப்பிடித்தான் எழுதினனான்" என்றார் யாக்கோப்பு. "கனபேருக்குச் சரிவந்தது."

"எனக்குச் சரிவரேல்லை."

அந்த விசாவோடு முதலில் கிடைத்தது டூட்டிங்கில் பல் செய்யும் பட்டறை ஒன்றில் கூட்டித் துடைக்கும் வேலை. குப்பைக் கூடையில் கிடந்த கழிவுப் பற்களை வீட்டுக்குக் கொண்டுவருவாள். கோயில் மெழுகுதிரிக் கட்டைகளை உருக்கி, அதில் பற்களை நட்டு, பிடுங்கி, திரும்ப நட்டுப் பழகினாள். பட்டறைக்காரர் ஒருநாள் அவள் பையில் அதைக் கண்டு, மெழுகு செதுக்கும் பழைய கத்தியொன்றைக் கொடுத்தார். மாலைப் படிப்பு, சோதனை, பதிவு என்று எட்டு வருடம் போனது. இப்போதைய அறைக்கு வந்து மூன்று வருடம்.

அமெரிக்கப் பிரஜாவுரிமை வேண்டாம் என்றும் அவள் சொல்லவில்லை. மகள் பெர்னடெற்றுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது நிஷாந்தின் பெற்றோரைப் பார்க்கப் போனார்கள். அங்குள்ள விமான நிலையத்தில் தகப்பனும் மகளும் ஒரு வரிசையில் போய்விட்டார்கள். அவளை மட்டும் பக்கத்து அறையில் இருத்தினார்கள். இரண்டே முக்கால் மணித்தியாலம். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. வெளியே வந்தபோது பெர்னடெற் கேட்டாள்: "அம்மா, டிட் யூ டூ சம்திங் பாட்?"

அந்த அறைக்குள் இனி இருப்பதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தாள்.

கையெழுத்து வைக்காத கூற்று குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தின் கீழ் தொங்கியது. வழக்கறிஞர் இரண்டுமுறை மின்னஞ்சல் அனுப்பினார். நத்தார்ப் பண்டிகை வந்து போனது. அந்தக் கூற்றைத் தொடாமலே நிஷாந்த் ஒவ்வொரு நாளும் பால் எடுத்தான். ஒரு சனிக்கிழமை அவனுடைய பொறுமை முடிந்தது.

"அனோ, அது சும்மா ஒரு போர்மாலிட்டி."

"அப்ப அந்த வீட்டை வேண்டாமெண்டு சொல்லுங்கோ. போவன் எண்டு இஞ்சயும், இருப்பன் எண்டு அங்கயும் எழுதேலாது."

"போனா உன்ர கிளினிக்? பத்து வருசம் பாடுபட்டனீ."

"தெரியும். நோகும். நோகுது எண்டதுக்காகப் பொய் எழுதமாட்டன்."

"சிற்றிசன்ஷிப்பும் வேணும், கிளினிக்கும் வேணும், பொய்யும் சொல்லமாட்டாய். என்னதான் செய்யச் சொல்லுறாய்?"

"ஒண்டை விடுறன். எதை எண்டு நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் போறதெண்டால் நானும் வாறன், கையெழுத்து வைக்கிறன். இல்லையெண்டால் இதைக் கிழிக்கிறன். அந்தக் கிறீன் கார்ட்டையும் திருப்பிக் குடுக்கிறன்."

"நான் போவன்தான். எப்பவாவது..."

"'வேலை முடிஞ்ச உடனே' எண்டு கிடக்கு. 'எப்பவாவது' எண்டில்லை." அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "உங்கட அப்பாவுக்கும் பத்து வருசமாய் இதே வசனத்தைத்தான் சொல்லுறீங்கள். 'வேலை முடிய வந்திடுவன் அப்பா.' மனுசன் நம்பி மேல்மாடியை வாடகைக்கு விடாமல் வைச்சிருக்கிறார்."

நிஷாந்த் கோபித்துக்கொண்டு வெளியே போனான். மழை என்பதால் உடனே திரும்பி வந்தான். நான்கு நாள் இருவரும் பெர்னடெற்றின் மூலமாகத்தான் பேசினார்கள். ஐந்தாம் நாள் அவன் தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்தான். வழக்கமாகப் பத்து நிமிடம் கதைப்பவன், ஒரு மணித்தியாலம் கதைத்தான். மறுநாள் வீட்டு முகவருக்கு எழுதிய கடிதத்தை அவளுக்குக் காட்டினான். வீடு வேண்டாம். கம்பனிக்கும் எழுதியிருந்தான், யூலை முடியத் திரும்பி வருவதாக.

"சந்தோசமோ?" என்றான்.

"இல்லை" என்றாள் அவள். "பேனையைத் தாங்கோ."

கையெழுத்து வைத்த அன்றே, கிளினிக் கதவில் ஒரு அறிவித்தலையும் ஒட்டினாள். ஆங்கிலத்திலும் தமிழிலும், கொட்டை எழுத்தில்: அடுத்த வருடம் யூலைக்குப் பிறகு இங்கே பல் கட்டப்படமாட்டாது.

ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது அதுதான் கதை. அருள்நாயகி, மாதா சபைத் தலைவி, எல்லாருக்கும் கேட்கத்தான் பேசுவாள்.

"பாஸ்போட் எடுக்கிற ஆக்கள் எல்லாம் போறவையே? என்ர மச்சாளின்ர மகளும் எடுத்தவள். இன்னும் இஞ்ச குட்மேய்ஸிலதான் இருக்கிறாள், கல்லு மாதிரி! ஏன்டியப்பா, பொய்ப்பல்லுச் செய்யிற உனக்கு ஒரு பொய்க் கையெழுத்து வைக்க ஏலாதோ?"

மண்டபம் சிரித்தது.

"அக்கா, நான் செய்த பல்லைத்தானே போட்டிருக்கிறீங்கள்?"

"ஓம்."

"கச்சான் கடலை கடிக்க ஏலுதோ?"

"ஏலுது."

"ஒருநாளாவது கழண்டு விழுந்ததோ?"

"இல்லையே..."

"அப்ப அதை ஏன் பொய் எண்டு சொல்லுறீங்கள்? இப்பயும் அதாலதானே என்னைக் கடிக்கிறீங்கள்."

இந்தமுறை அருள்நாயகியைத் தவிர மற்றவர்கள் சிரித்தார்கள்.

யூனில் யாக்கோப்புவின் ஈறு நன்றாக ஆறிவிட்டது. புதிதாக அச்சு எடுத்து, தாடை உயரம் அளந்து, மெழுகில் பற்களை நட்டு வைத்துப் பார்க்கும் நாள். கண்ணாடியில் பார்த்தவருக்குப் பிடிக்கவில்லை.

"என்ன பிள்ளை, மஞ்சள் அடிக்குது? முன்பல்லு ஒண்டு சரிஞ்சும் நிக்குது."

"உங்கட பல்லு அப்பிடித்தான் நிண்டது. அச்சு இருக்குது, பாருங்கோ."

"வெள்ளையா வை. நேரா வை. காசு குடுத்துச் செய்யிறதுக்கு ஏன் குறையோட செய்யவேணும்?"

"எழுபத்திரண்டு வயசு வாயில இருபது வயசுப் பல்லை வைச்சால், கதவைத் திறந்த உடனே எல்லாருக்கும் தெரியும் அண்ணை. ஒரு பல்லைக் கூட்டி வைச்சால் மற்றதையும் ஆரும் நம்பமாட்டினம்."

யாக்கோப்பு கண்ணாடியை மேசையில் கவிழ்த்து வைத்தார். "உன்ர விருப்பம்" என்றார்.

அடுத்த கிழமை அவள் அமெரிக்கா போனாள். நேர்முகம் செய்த அதிகாரி ஒரு நடுவயதுப் பெண். அந்த நாட்டுச் சரித்திரத்தில் சில கேள்விகள் கேட்டாள். பிறகு கூற்றை எடுத்தாள்.

"கணவரின் வேலை முடிந்ததும் இங்கே வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வருவீர்களா?"

அனோஜினி வீட்டு முகவருக்குப் போன கடிதத்தையும், கம்பனிக்குப் போன கடிதத்தையும், கதவு அறிவித்தலின் படத்தையும் எடுத்து வைத்தாள். இவையெல்லாம் தேவையில்லை என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். அவள் கேட்கவில்லை. அதிகாரி படத்தைக் கவனமாகப் பார்த்தாள்.

"இது உங்கள் தொழிலிடமா? மூடப்போகிறீர்களா?"

"ஆம்."

"உங்களுக்குக் கவலையாக இல்லையா?"

"இருக்கிறது. படிவத்தில் அதற்குக் கேள்வி இல்லை."

அதிகாரி தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். பிறகு முத்திரையை எடுத்தாள். மறுநாள் முப்பது பேரோடு நின்று வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தாள் அனோஜினி. அடுத்த வருடம் யூலையில் அதே விமான நிலையத்தில் தகப்பனும் மகளும் நிற்கும் வரிசையில் அவளும் நிற்பாள்.

நோர்பரிக்குத் திரும்பி மூன்றாம் நாள், யாக்கோப்பு படியேறி வந்தார். கதவடியில் நின்று அறிவித்தலை வாசித்தார்.

"இனி என்ன பிள்ளை, சேர்ட்டிபிக்கற் கையில. ஒருத்தனும் திருப்பிக் கேக்கமாட்டான். இதைக் கழட்டு. இஞ்ச எங்கட சனத்துக்கு ஆர் பல்லுக் கட்டுறது?"

"கழட்டமாட்டன்."

"ஆர் வந்து பாக்கப்..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார்.

"ஒருத்தரும் பாக்கமாட்டினம். நான் பாப்பன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பல்லில்லாத வாயால் மெதுவாகச் சொன்னார்: "அந்த மூண்டு நாள். அதை நான் எழுதியிருக்கப்படாது."

பதினெட்டு வருடத்துக்குப் பிறகு வந்த சொல். அனோஜினி கையுறையை விரல் விரலாக இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"வாயைத் திறவுங்கோ அண்ணை."

மேல்வரிசை உட்கார்ந்தது. கீழ்வரிசை உட்கார்ந்தது. நீலத் தாளைப் பற்களுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொன்னாள். இடப்பக்கம் பின்னால் ஒரு பொட்டு மட்டும் கடும் நீலமாக விழுந்தது. அந்த இடத்தைத் தேய்த்தாள். திரும்பக் கடிக்கச் சொன்னாள். இன்னும் விழுந்தது. திரும்பத் தேய்த்தாள். ஆறாவது தரம் இரண்டு பக்கமும் ஒரேயளவாக நீலம் விழுந்தபோதுதான் நிறுத்தினாள். "இயேசு, மரி, சூசை எண்டு சொல்லுங்கோ" என்றாள். சொன்னார். சீறவில்லை, ஆடவில்லை. முன்னால் அந்தச் சரிந்த பல், அச்சில் இருந்தபடியே நின்றது.

இரண்டையும் கழற்றி, கழுவி, பளபளப்புத் தேய்த்து, தண்ணீர் ஊற்றிய வெள்ளைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பெட்டியை அவருடைய இரண்டு கைகளிலும் வைத்தாள்.

"போட்டுப் பழகுங்கோ" என்றாள். "நொந்தால் வாங்கோ. வாற வருசம் யூலை வரைக்கும் இருப்பன்."