மனப்பாடமாகாத பக்கம்

கோயிலுக்குப் போனால் லீனு முதலில் பாதிரியார் மெர்டென்ஸுக்காகத்தான் ஜெபிப்பாள். புருஷன் மதிஸின் முறை அப்புறம்தான்.

"என்னைவிட அந்த ஜெர்மன்காரர் ஒசத்தியா?" என்பான் மதிஸ்.

"அவர் இல்லேன்னா நீ எனக்கு ஏதுய்யா?"

அது உண்மை. எங்கள் சாரேமா தீவில் அந்தக் காலத்தில், பாதிரியார் முன்னால் புத்தகம் வாசித்துக் காட்டாதவளுக்கு, சபையில் முழுதாகச் சேர்த்துக்கொள்ளும் திடப்படுத்தல் சடங்கு கிடையாது. திடப்படுத்தல் இல்லாவிட்டால் கல்யாணமும் கிடையாது. லீனுவுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் அம்மா சொல்லக் கேட்டே ஞானோபதேசப் புத்தகம் முழுவதையும் நெட்டுருப் போட்டிருந்தாள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருந்தார்கள். எந்தச் சொல்லில் பக்கம் புரட்ட வேண்டும் என்பதுகூட அவளுக்கு அத்துப்படி.

சோதனையன்று, ஈரத்தில் ஒட்டியிருந்த இரண்டு தாள்கள் ஒன்றாகப் புரண்டன. லீனுவின் வாயோ நடுவில் மறைந்துகிடந்த பக்கங்களையும் ஒரு சொல் பிசகாமல் வாசித்துக்கொண்டே போனது.

"கொஞ்சம் நில்லும்மா. இப்ப வாசிச்சது எங்க இருக்கு, காட்டு" என்றார் பாதிரியார்.

மானம் போயிற்று. மதிஸின் தாய் ஈவா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டு ஆட்டையும் இப்படித்தான் பாக்காமலே கறப்பியா? அடுத்த அறுப்பு வரைக்கும் பொறுப்போம். அப்பவும் தேறலேன்னா அவனுக்கு வேற பொண்ணு."

லீனு பாதிரியாரை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள்.

அவருக்கும் அன்று தூக்கம் வரவில்லை. எங்கள் மொழியில் அச்சானதெல்லாம் ஜெபமும் பாட்டும்தான். அத்தனையும் ஊருக்கே மனப்பாடம். புதிதாக வாசிக்க ஒரு வரி இல்லாதபோது வாசிக்கத் தெரியுமா என்று எதை வைத்துக் கேட்பது? வந்த புதிதில் பிரசங்கம் செய்து எங்களைத் தூங்கவைத்த அதே மனிதர், அதன்பின் பண்ணை பண்ணையாகக் குதிரையில் அலைந்தார். அடுப்படியில் உட்கார்ந்து கறுப்பு ரொட்டியும் உப்பு மீனும் தின்றபடி, ஜனங்கள் பேசுவதைப் பேசுகிறபடியே எழுதினார். எழுதிய தாள்களை வீடு வீடாகக் கொடுத்தார். குளிர்காலம் முழுக்க லீனு தன் ராட்டையில் அவற்றைச் செருகிவைத்து எழுத்துக் கூட்டினாள். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தடுமாறும் இடத்தில் பொறுமையாகக் காத்திருப்பார். அந்தப் பொறுமைக்கு என்ன கைம்மாறு செய்ய முடியும்?

அடுத்த சோதனை வந்தது. ஈவா முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள். பாதிரியார் அங்கியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "நேத்துதான் எழுதினேன். இன்னும் யாரும் கேட்டதில்லை."

லீனு முதல் வரியில் விரலை வைத்தாள்.

"கங்...காணி சந்தையில குடிச்சுட்டு... வந்தான். வழியில ஒரு ஆட்டுக்...கிடா நின்னுச்சு. பண்ணை எசமான்னு நெனச்சு... தொப்பியக் கழட்டி..."

அதற்குமேல் சத்தம் வரவில்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் ஈவா, எல்லோருக்கும் கேட்கும்படி.

லீனுவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று மதிஸ் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் அவள் கண் வாயை முந்திக்கொண்டு அடுத்த வரிக்குப் போயிருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் தாளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எங்களுக்கும் சொல்லேன்" என்றார் பாதிரியார். அவர் குரலும் சரியாக இல்லை.

"கிடா பேசலையாம் ஐயா. இவன் கேக்குறான், 'எசமான், எம்மேல கோபமா?'"

கோயிலே சிரித்தது, ஈவாவும்தான். பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார்.

"மதிஸ் எங்கப்பா? வர்ற ஞாயித்துக்கிழமையே உங்க கல்யாண அறிவிப்பு ஓலையைக் கோயில்ல வாசிச்சுடறேன்."