பொன்மலரின் நாற்பத்தொன்று

பொன்மலர் வாணியம்பாடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் உதவியாளர். குடுவை கழுவி அடுக்குவதும் அவள் வேலைதான். எம்.எஸ்ஸி. படித்திருக்க வேண்டியவள். ஏன் படிக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு அவள் பதில் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

என் தங்கை மகள் அவள். தாய் போன பிறகு ஆம்பூரில் என் வீட்டில் வளர்ந்தாள். நான் தோல் கம்பெனியில் தோலுக்கு ஓரம் வெட்டுகிறவள், கைநாட்டு. அவளோ ரயிலேறி வேலூர் போய் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தாள்.

எழுபத்தேழில் என் மகன் இன்பத்துக்குக் கல்யாணம். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து நோன்பில் எங்கள் கோயிலில் தாலி கட்ட விடமாட்டார்கள். ஈஸ்டர் முடிந்து முதல் புதன்கிழமை என்று போதகர் தேதி கொடுத்தார். பெண் வீடு பள்ளிகொண்டா.

"பெரிம்மா, வியாழக்கெழம எனக்கு பிசிக்ஸ் பரீட்சை."

"மூணாவது முடிச்சு யாருடி போடுவாங்க? அவனுக்குத் தங்கச்சின்னு இருக்கறது நீ ஒருத்திதான்."

"மார்க் போய்டும் பெரிம்மா."

"பாஸாய்டுவ இல்ல? அப்புறம் இன்னா? மார்க்கை யாரு பாக்கப் போறாங்க?"

முடிச்சுப் போட்டாள். விருந்து, பாட்டு என்று விடிந்துவிட்டது. கல்யாணப் புடவையோடு பஸ் ஏறிப் பரீட்சைக்குப் போனாள். நாற்பத்தொன்று வாங்கினாள். பாஸ்தானே என்று தெருவெல்லாம் நான் மிட்டாய் கொடுத்தேன்.

மறுவருஷம் பட்டம் வாங்கினாள். எம்.எஸ்ஸி.க்குப் போட்ட மனு திரும்பி வந்தது.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்தான் எடுப்பாங்களாம். ஆயிரத்துக்கு அறுநூறு வேணும். எனக்கு ஐநூத்தித் தொண்ணூத்திநாலு."

ஆறு மார்க்குக்கா! அந்த பிசிக்ஸைத் திரும்ப எழுதேன் என்றேன். பாஸான பரீட்சையைத் திரும்ப எழுத முடியாதாம். தோற்றிருந்தால் எழுதலாமாம்! இப்படி ஒரு சட்டம் உலகத்தில் உண்டா என்று அன்று முழுக்கக் கத்தினேன்.

அப்போது ஒரு தோல் கம்பெனியில் புதிதாக லேப் திறந்தார்கள். அங்கே வேலை கேட்டு அவள் போனபோது துணைக்கு நானும் போனேன். மேனேஜர் நயீம் அகமதுவின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது.

"மத்ததெல்லாம் நல்லா வாங்கியிருக்க. பிசிக்ஸ்ல மட்டும் இன்னாமா நாப்பத்தொண்ணு?"

"டைபாய்டு காய்ச்சல் சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"காய்ச்சலோடயா எழுதின? பலே!" என்று அவர் பேனாவைத் திறந்தார்.

என்னால் உட்கார முடியவில்லை. உள்ளே போய்விட்டேன்.

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல சாப். எம்புள்ள கல்யாணத்துக்கு நான்தான் இழுத்துனு போனேன். அவ மேல தப்பு இல்ல."

அவர் பேனாவை மூடினார். "ஆட்டுக்கு இன்னா கஷ்டம்னு கேட்டுட்டா, ஆயா, தோலுக்குத் தரம் பாத்து நம்பர் போடறோம்? காய்ச்சல்னா மெட்ராஸ் ஆபீஸ்ல பேசிப் பாத்திருப்பேன். கல்யாணத்துக்குப் போச்சு, பொய்யும் சொல்லிச்சுன்னா நான் இன்னான்னு எழுதறது?"

ரயில்வே கேட் வரைக்கும் நடந்து வந்தோம். கேட் மூடியிருந்தது.

"ஏன் பெரிம்மா உள்ள வந்தீங்க?"

"பொய் சொன்னியேடி!"

"உங்க பேரு வரக்கூடாதுன்னுதான் சொன்னேன்."

பொய்யை நான் நிற்க விட்டிருக்க மாட்டேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அது எனக்காகச் சொன்ன பொய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"வேணும்னா நான் திரும்பப் போய் அவரு கையக் கால புடிச்சுக் கேக்கட்டா?"

"கேட்டா அந்த ஆறு மார்க்கைப் போட்டுடுவாரா பெரிம்மா?"

கோபமாகக்கூட அவள் கேட்கவில்லை.