கொரட்டூர் வாசலில் தும்பை

ஷேர் ஆட்டோ முழுதாக நிற்பதற்குள் தாட்சாயிணி ஒரு காலைத் தரையில் வைத்துவிடுவார். அண்ணனூர் சாலையோரம் ஏதோ நீலமாகத் தெரிந்திருக்கும். ஓட்டுநர் முணுமுணுப்பதைக் காதில் வாங்காமல், நீலப் பூ பூத்த விஷ்ணுகிராந்திச் செடியை வேரடி மண்ணோடு பெயர்த்துப் பைக்குள் வைப்பார். "தானா மொளச்சிக் கீது. நான் எடம் மாத்துறேன், அவ்ளோதான்" என்பார்.

அடுக்குமாடி வாசல்களுக்குத் தோட்டம் போட்டுப் பராமரிப்பது அவர் தொழில். மற்றவர்கள் குரோட்டன்ஸும் கொரியன் புல்லும் வைக்கும் இடத்தில் இவர் தும்பையும் சிறுபீளையும் ஆவாரையும் வைப்பார். உட்கார்ந்து ஒரு டீயை அவர் குடித்து முடித்து நான் பார்த்ததில்லை. பாதி டம்ளரோடு எழுந்துபோய் யார் வீட்டுத் தொட்டியிலாவது காய்ந்த இலையைக் கிள்ளிக்கொண்டிருப்பார்.

கொரட்டூரில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் வாசல் பாத்தியும் அவருடையதுதான். மழைக்குப் பின் செடிகள் கண்டபடி வளர்ந்தன. பாம்பு வரும் என்றார்கள் சிலர். இது காலி மனையா என்று விருந்தாளிகள் கேட்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வதாகச் குடியிருப்போர் சங்கச் செயலாளர் உலகநாதன் சொல்லிவிட்டார். இந்த வாசல் போனால் பக்கத்துத் தெரு வாசல்களும் போகும். அந்த வாரம் தாட்சாயிணி எனக்கு அடிக்கடி போன் செய்தார். ஒருமுறைகூடப் பேச்சை முடித்துவிட்டு வைக்கவில்லை.

சனிக்கிழமை அவர் வந்தபோது பாதிப் பாத்தி வெறுமையாக இருந்தது. யாரோ பொறுக்காமல் பிடுங்கிக் குப்பைத் தொட்டியோரம் போட்டிருந்தார்கள். அவர் சண்டைக்குப் போகவில்லை. துவண்டவற்றில் பிழைக்கக்கூடியதைப் பொறுக்கி ஈரச் சாக்கில் சுற்றினார். பிறகு செங்கற்களைச் சாய்த்துப் புதைத்துப் பாத்தியைச் சுற்றிக் கரை கட்டினார். ஆவாரைக்கு முன்னால் தும்பையை நெருக்கி நட்டார். சிறுபீளையைக் கத்தரித்து வரிசையாக்கினார். ஓரத்தில் நீலப் பூவைப் படரவிட்டார்.

"கரை இல்லன்னா களைன்றாங்க. இப்ப இன்னா சொல்றாங்க, பாப்போம்" என்றார்.

மறுநாள் காலை உலகநாதன் வந்து வெகுநேரம் நின்றார்.

"இது அதே செடியா?"

"அதேதான் சார்."

பொங்கல் வரைக்கும் இருக்கட்டும் என்றார் அவர். நடுவில் மட்டும் இரண்டு குரோட்டன்ஸ் வைத்தால் அழகாக இருக்கும் என்று, எங்கே வைப்பது, என்ன நிறம் என்றெல்லாம் விளக்கத் தொடங்கினார். தாட்சாயிணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆட்டியபடியே செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் தும்பையின் வேரடி மண்ணை அழுத்தி இறுக்கிக்கொண்டிருந்தார்.