நிமியா டீச்சரின் தெரெரேச் சுற்று

கடல் கடந்து நான் குடிவந்த ஊரான கொரோனெல் பொகாதோவில் சாலையோரம் எதையாவது சுட்டோ பொரித்தோ விற்க வேண்டுமென்றால், உணவுச் சுத்தம் பற்றிய வகுப்பை முடித்தாக வேண்டும். வியாழக்கிழமை மாலை, இணையத்தில். நடத்துபவர் நிமியா ஒவேலார், எனக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். கைகழுவுவதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால், கேட்பவர்களுக்கு விரல்நுனி தானாகச் சுருங்கிவிடும்.

கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. வகுப்பு தொடங்கிய சற்று நேரத்தில் திரையில் சதுரங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்துவிடும். சிப்பா ரொட்டி விற்கும் திக்னா கூடையோடு பேருந்தில் ஏறிவிடுவாள். இறைச்சி சுடும் சிந்துல்ஃபோ தன் புகைப்படம் ஒன்றைக் கேமராவுக்கு எதிரே நிறுத்திவிட்டு அடுப்புக்குப் போய்விடுவார். படம் மீசை வைப்பதற்கு முந்தைய காலத்தது. டீச்சர் ஒருநாள் அந்தப் படத்திடம் வெகுநேரம் கேள்வி கேட்டார். நான் மட்டும் முகம் காட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுச் சந்தையில் வடை போட எனக்கு அனுமதி வேண்டும். தவிர, வெளிநாட்டுக்காரி கேமராவை அணைத்தால் குடியேற்ற அலுவலகத்திலிருந்து யாராவது வந்து கதவைத் தட்டுவார்களோ என்ற பயம்.

டீச்சர் செய்யாததில்லை. ஒரு வாரம் பச்சைக் குளியல் துண்டைப் போர்த்திக்கொண்டு கிருமியாகவே வந்தார். பார்த்தவள் நான் ஒருத்தி. என்ன செய்வதென்று தெரியாமல் குறிப்பு எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மேலிடத்துச் செய்தி வந்தது. மேற்பார்வையாளர் ஃப்ரெத்தெஸ் மாதக் கடைசி வியாழனன்று வகுப்பைப் பார்க்க வருவார். சட்டம் படித்தவர் என்பதால் இங்கே எல்லோருக்கும் அவர் டாக்டர். திரை கறுத்துக் கிடந்தால் வகுப்பு ரத்து. பதிவு செய்த வீடியோ போதும், நிமியா வேண்டாம். என் வீட்டு வேலியோரம் வந்து நின்று டீச்சர் சொன்னார்:

"வீடியோவுக்கென்னம்மா, எல்லாரும் எழுந்து போனாலும் அது பாட்டுக்குப் பேசிட்டே இருக்கும்."

நீங்களும் அதைத்தானே செய்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை.

வழி பிறந்தது வெயிலால். அடுத்த வகுப்பில் புழுக்கம் தாங்காமல் டீச்சர் தெரெரே குடித்தபடியே பாடம் நடத்தினார். மாட்டுக்கொம்புக் குவளையில் இலைத்தூள், அதன்மேல் பனிக்கட்டித் தண்ணீர், ஒரு உலோக உறிஞ்சி. ஒருவர் நிரப்பிக் கொடுக்க, சுற்றி உட்கார்ந்தவர்கள் அதே குவளையில் முறை வைத்துக் குடிப்பதுதான் இங்கே வழக்கம். தான் குடித்ததும், கைப்பழக்கத்தில் குவளையை மறுபடி நிரப்பித் திரையை நோக்கி நீட்டிவிட்டார்.

"திக்னா, இந்தா, உன் முறை."

கறுத்த சதுரம் பளிச்சென்று திறந்தது. பேருந்துக் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி, இடுப்புக் குடுவையிலிருந்து தன் குவளைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள் திக்னா. நீட்டிய குவளையை வாங்காமல் விட இந்த நாட்டில் யாருக்கும் மனம் வராது.

"வாங்கிக்கிட்டேன் டீச்சர்."

அதிலிருந்து வகுப்பே ஒரு சுற்றாகிவிட்டது. முதல் குவளை வழக்கப்படி புனித தோமாவுக்கு, யாரும் தொடாமல் இலையே உறிஞ்சிக்கொள்ள விட்டுவிடுவார்கள். அவர் குடித்து முடிப்பதற்குள் வருகைப்பதிவு. பிறகு ஆளுக்கொரு முறை. இரண்டு முறைக்கு நடுவில் ஒரு பாடம். கூப்பிடும்போது முகம் இல்லையென்றால் குவளை அடுத்தவருக்குப் போய்விடும், முழுச் சுற்றும் காத்திருக்க வேண்டும். சிந்துல்ஃபோவின் படத்தைக் கூப்பிட்டார்கள். படம் குடிக்கவில்லை. அடுத்த வாரம் மீசையே நேரில் வந்தது. ஒரே உறிஞ்சியில் ஊரே குடிக்கக் கூடாது என்று இத்தனை வருடம் தொண்டை வற்றக் கத்தியவர் நிமியா. இப்போது அவரவர் வீட்டில் அவரவர் உறிஞ்சி. கிருமியே இல்லாத சுற்று என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

கடைசி வியாழன் வந்தது. ஃப்ரெத்தெஸ் சேர்ந்தார், வணக்கம் சொன்னார், அதிகாரிகள் வழக்கப்படி கேமராவை அணைத்துக்கொண்டார். சுற்று ஓடியது. சமைத்த கறியையும் பச்சைக் கறியையும் ஒரே பலகையில் வெட்டக் கூடாது என்பது முடிந்தபோது டீச்சர் மரியாதையாகக் குவளையை நீட்டினார்.

"டாக்டர், உங்க முறை."

சதுரம் கறுப்பாகவே இருந்தது. டீச்சர் நீட்டிய குவளை நீட்டியபடியே இருந்தது. மேலதிகாரியைத் தாண்டிப் போனால் வேலை போகும். காத்திருந்தால் சுற்று நின்றுவிடும்.

"விதின்னா விதிதான் டீச்சர். என் படத்தைத் தாண்டிப் போனீங்களே?" என்றார் சிந்துல்ஃபோ.

குவளை திக்னாவிடம் போயிற்று.

சற்றுப் பொறுத்து ஃப்ரெத்தெஸின் முகம் தோன்றியது. வாயோரம், கறி அடைத்துப் பொரித்த எம்பனாடாவின் துணுக்கு ஒட்டியிருந்தது. நடந்ததை டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அதெப்படி? ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டோம் டாக்டர். உங்க சதுரம் இருட்டா இருந்துச்சு," என்றாள் திக்னா.

அவர் மேசையில் அவருடைய குடுவை இருந்தது. அவர் கையில் அவருடைய குவளை, நிரம்பி, பனிக்கட்டியோடு. குடித்திருக்கலாம். ஆனால் யாரும் கொடுக்காத தெரெரேயை எப்படிக் குடிப்பது? குவளையைப் பிடித்தபடி உட்கார்ந்தார். குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் கேட்டார். முட்டையைக் கழுவுவதா வேண்டாமா என்பதைக் கேட்டார். எலி வராமல் மாவு மூட்டையை எங்கே வைப்பது என்பதையும் கேட்டார். நான் குடிக்கும்போது என் உறிஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார், எனக்குப் புரையேறியது.

அவர் முறைக்கு மூன்று பேர் இருக்கும்போது நேரம் முடிந்துவிட்டது. டீச்சர் எல்லோருக்கும் விடை கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"வகுப்பு விஷயமா என்ன முடிவு டாக்டர்?"

"என்ன முடிவு? சுற்று பாதியில நிக்குது," என்றார் ஃப்ரெத்தெஸ். "அடுத்த வியாழன் நான் விட்ட இடத்துலேருந்து ஆரம்பிங்க. இந்தத் தடவை கேமராவை நான் அணைக்கப் போறதில்லை."