கைகாட்டியின் கை

அந்த யார்டில் கிரேனுக்கு ஒரே எஜமான், கீழே நின்று கை சைகை காட்டும் ஃபோர்மேன். ஏற்று, இறக்கு, இடப்பக்கம் போ என்று அவர் கை சொன்னால்தான் கிரேன் அசையும். வேறு யார் என்ன சைகை காட்டினாலும், அறுபத்திரண்டு படி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர் கண்டுகொள்ளக் கூடாது. ஒரே ஒரு சைகைதான் விதிவிலக்கு. உள்ளங்கையை விரித்துத் தலைக்கு மேல் யார் தூக்கினாலும் கிரேன் நின்றுவிட வேண்டும். முதலாளி தூக்கினாலும் சரி, குப்பை அள்ள வந்தவர் தூக்கினாலும் சரி. தூக்கியவர் தானாகக் கையை இறக்கும்வரை நான்கு டன் இரும்புக் குழாயும் அந்தரத்தில் அப்படியே நிற்கும். சுவரில் ஆளுயர எழுத்தில் இதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் ஃபோர்மேனுக்கு இதில் ஒரு பெருமை. "மூணு வருஷமா என் யார்டுல ஒரு கை எழும்பினதில்ல. வேலை அவ்வளவு சுத்தம்" என்பார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். அவர் சொன்னால் தலையாட்டாமல் இருக்க முடியாது, அப்படியொரு வாய். பத்தொன்பது வயதில், சரக்கைக் கிரேன் கொக்கியில் மாட்ட பெல்ட் கட்டும் வேலைக்கு வந்தவர், ஐம்பத்திரண்டு வயதுக்குள் யாரையும் ஒரு முறைகூடத் திட்டியதில்லை. கிண்டல்தான். கிண்டலிலேயே வேலை வாங்கிவிடுவார். அவர் வந்தாலே யார்டு கலகலக்கும். ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்திருந்தார். கிரேன் ஆபரேட்டர் அவரைவிட எட்டு வயது இளையவள், அவளுக்கு 'மேலக்கா'. பெல்ட் கட்டுகிறவனுக்குக் 'கைகாட்டி'.

அந்தப் பெயர் வந்த கதை சின்னதுதான். மூன்று வருஷம் முன்பு லோடு ஏறிக்கொண்டிருந்தபோது அவன் கையைத் தூக்கினான். கிரேன் நின்றது. இறக்கிப் பார்த்தால் ஒரு கோளாறும் இல்லை, நிழலைப் பார்த்து ஏமாந்திருக்கிறான். "என்னப்பா, ரயிலுக்குச் சிக்னல் போடுறியா?" என்று கேட்டு, தூக்கிய கையை ஃபோர்மேனே பிடித்துச் செல்லமாக இறக்கிவிட்டார். யார்டே வயிறு வலிக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அவன் கைகாட்டி. அவனும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த யார்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, புதிதாக வந்த லாரி டிரைவர் ஒருவர் கையைத் தூக்கினார்.

குழாய்க்கட்டு ஆள் உயரத்துக்கு மேலே போயிருந்தது. அதன் வாலில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி கைகாட்டி ஓரமாக நின்றிருந்தான். கிரேன் நின்றதும் ஃபோர்மேனுக்கு வாய் துறுதுறுத்தது. "என்ன தம்பி, அக்குள்ல காத்து வாங்குறீங்களா?"

டிரைவர் சிரிக்கவில்லை. "பெல்ட்டைப் பாருங்க சார்."

மெதுவாக இறக்கிப் பார்த்தார்கள். ஒரு சாண் அகல பெல்ட்டில் மூன்று விரல் அகலம்தான் மிச்சம். மற்றதெல்லாம் நார் நாராகப் பிரிந்து கிடந்தது. இன்னும் இரண்டு அடி ஏறியிருந்தால் குழாய்கள் சரிந்து கயிற்றோடு நின்றவனை நசுக்கியிருக்கும். ஃபோர்மேன் அந்த நாரைத் தொட்டுப் பார்த்தார். காலையில் அந்த பெல்ட்டை எடுத்துக் கொடுத்ததே அவர்தான். 'என்னை மாதிரிதான் இதுவும். பழசு, ஆனா அறாது' என்று தட்டிக்கூடக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் சுற்றிலும் பார்த்தார். அப்போதுதான் அவரைத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

"யாராவது முன்னாடியே பார்த்தீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கைகாட்டி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

என்ன தோன்றியதோ, ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு டிரம் மேல் வைத்துவிட்டுக் கிரேன் ஏணியில் ஏறினார். பதினோரு வருஷமாக ஏறாத ஏணி. நாற்பதாவது படியில் முழங்கால் முரண்டு பிடித்தது. கூண்டுக்குள் நுழைந்தபோது மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. மேலக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"நீ பார்த்தியா?"

"காலையிலயே பார்த்தேன் அண்ணே. அவனும்தான் பார்த்தான். அதனாலதான் எப்பவும் நிக்கிற இடத்துல இருந்து ரெண்டு எட்டு தள்ளி நின்னான்."

"ரெண்டு எட்டு தள்ளி நின்னா பொழைச்சிருப்பானா?"

"மாட்டான்."

"அப்புறம் ஏன் கையைத் தூக்கல?"

மேலக்கா கண்ணாடி வழியே கீழே அவனைக் காட்டினாள். "ஒரு தடவை தூக்கினதுக்கு மூணு வருஷமா அவன் பேரையே யாரும் சொல்றதில்ல. எங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன். நான் நிறுத்தாததுக்கும் அந்தப் பயம்தான்."

"அது சும்மா விளையாட்டுக்கு வச்சதும்மா. எல்லாரும்தானே சிரிச்சோம்?"

"அவன் சிரிக்கல அண்ணே. கீழ இருந்து பார்த்தா தெரியாது."

கீழே பார்த்தார். தான் இல்லாத தன் யார்டை அன்றுதான் அவர் முதல்முறையாகப் பார்த்தார். கிழிந்த பெல்ட்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். எத்தனை கைகள், எல்லாம் அசைந்துகொண்டிருந்தன. ஒருவர் கிழிசலைத் தொட்டுக் காட்டினார். இன்னொருவர் கொக்கியைக் காட்டி ஏதோ விளக்கினார். வாயே திறக்காத வெல்டர் குந்தி உட்கார்ந்து தரையில் கோடு போட்டுக் குழாய் எப்படிச் சரிந்திருக்கும் என்று சொல்லிக்கொடுத்தார். இவர்களுக்கு இவ்வளவு தெரியுமா? இவ்வளவு பேசுவார்களா? ஃபோர்மேனுக்கு மலைப்பாக இருந்தது. அந்த டிரம் மேல் இருந்த சிவப்பு ஹெல்மெட் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை என்பதையும் அவர் பார்த்தார்.

வீட்டில் மனைவி தையல் மெஷினில் இருந்தாள். நடந்ததைச் சொன்னார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள், "உங்ககிட்ட ஒண்ணு சொல்ல வந்தா, நான் முடிக்கிறதுக்குள்ள என்னைச் சிரிக்க வச்சுடுவீங்க. சொல்ல வந்தது உள்ளயே தங்கிடும்."

"எவ்வளவு நாளா?"

"கல்யாணம் ஆன நாளா."

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பதில் கிண்டல் வந்திருக்கும். வரவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டாள்.

மறுநாள் கைகாட்டியை அவனுடைய சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டான். எல்லோரையும் கூட்டிவைத்து, "சந்தேகம்னா தூக்குங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். ஒருவரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? வாரக்கணக்கில் ஒரு கையும் எழும்பவில்லை. அவர் வாயைக் கட்டிக்கொண்டு அலைந்ததில் யார்டே களையிழந்து போயிற்று. "இதுக்கு நீங்க பழையபடியே இருந்திருக்கலாம் அண்ணே. எழவு வீடு மாதிரி இருக்கு" என்று மேலக்கா சலித்துக்கொண்டாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் காலையில், முந்தைய நாள் தான் செய்த ஒரு தப்பைத் தன் வாயாலேயே சொல்வது. முதல் நாள் நாக்கு குழறியது. நான்காம் நாள் வேண்டிய கிண்டலையெல்லாம் தன்மேலேயே போட்டுக்கொண்டார். கேட்பவர்கள் சிரித்தார்கள். பழைய சிரிப்புக்கும் இதற்கும் வித்தியாசம் இருந்ததை அவருடைய காது கண்டுகொண்டது. ஆனால் கை எழும்பவில்லை. இனி எழும்பவே எழும்பாது, அடுத்த பெல்ட் அறும்போது புதிய டிரைவர் யாரும் பக்கத்தில் இருக்கமாட்டார் என்ற பயம் அவர் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு நாள் மதியம், லோடு லாரிக்கு மேலே வந்துகொண்டிருந்தது. ஃபோர்மேன் சைகை காட்டியபடியே பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார். திடீரென்று கிரேன் நின்றது. திரும்பிப் பார்த்தார்.

கைகாட்டியின் கை தலைக்கு மேலே இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

ஃபோர்மேன் லோடைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். தாராளமாக ஆறு அடி இடம் இருந்தது. ஆபத்து ஒன்றும் இல்லை. மூன்று வருஷம் முன்பு போலவே வெறும் கண்மயக்கம். யார்டு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தது. அந்த வாயில் ஒரு கிண்டல் வந்து நின்றது. அருமையான கிண்டல், முப்பது வருஷத்தில் அதுபோல் ஒன்று வந்ததில்லை. அதை அவர் அப்படியே விழுங்கினார்.

அவன் பக்கத்தில் போய் நின்றார். அவன் நின்ற இடத்திலேயே, அவன் தோளோடு தோள் உரச. அங்கிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. குழாயின் நுனியும், தான் நின்றிருந்த இடமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நின்றன. தான் அங்கேயே நின்றிருந்தால் தலை நசுங்கியிருக்கும் என்றே தோன்றியது. தன்னைக் காப்பாற்றத்தான் இந்தக் கை எழும்பியிருக்கிறது.

"தப்பாத் தூக்கிட்டேன் போல" என்றான் அவன், முணுமுணுப்பாக.

"இங்கேர்ந்து பார்த்தா எனக்கும் இடிக்கிற மாதிரிதான் தெரியுதுப்பா" என்றார். அவன் பெயரையும் சேர்த்துச் சொன்னார். "நல்லாப் பார்த்துக்கோ. எனக்கு அவசரம் இல்ல."

அவன் கையை இறக்கவில்லை. லோடை ஒரு தடவை பார்த்தான். பெல்ட்டைப் பார்த்தான். நான்கு எட்டு வைத்து லாரியின் மறுபக்கம் போய்க் குனிந்து பார்த்தான், கை மேலேயே இருந்தது. நான்கு டன் இரும்பும், அறுபத்திரண்டு படி உயரத்தில் மேலக்காவும், லாரி டிரைவரும், வெல்டரும், கீழே ஃபோர்மேனும் அந்த ஒரு கைக்காகக் காத்திருந்தார்கள். கோயிலில் நிற்பவரைப் போல ஃபோர்மேன் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றிருந்தார், எதற்கு எடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

கடைசியில் அவன், தானாக, கையை இறக்கினான்.