ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் என் மகன் பெயர் இல்லை

"இர்பான்னு யாரும் வரலீங்கம்மா. மறுபடியும் பார்த்துட்டேன்" என்றார் கவுண்டரில் இருந்தவர். மூன்றாவது முறை.

சகோதரிகளே, இது நடந்தது போன வருடம், ஒரு வியாழக்கிழமை. அல்லாஹ் எனக்குச் செய்த உதவியை மூடி வைத்தால் நான் நன்றி கெட்டவள் ஆவேன். இர்பானிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அன்று மதியம் ளுஹர் தொழுதுவிட்டு, சாப்பிட்டானா என்று கேட்க அவனுக்குப் போன் செய்தேன். எடுத்தது வேறு குரல். "ஏனுங்க அம்மணி, நான் சிங்காநல்லூர்ல டீக்கடை வெச்சிருக்கறேங்க. இந்தத் தம்பி வண்டிய நிறுத்திப்போட்டு அப்படியே சாஞ்சுட்டாருங்க. ஆம்புலன்ஸ்ல ஏத்தி உட்டாச்சு. போனு இங்கயே கெடக்குது." எந்த ஆஸ்பத்திரி என்றும் அவரே சொன்னார்.

போத்தனூரிலிருந்து நானும் என் கணவரும் ஆட்டோவில் ஓடினோம். போனால் அந்தப் பெயரில் யாரும் இல்லை. பெயர் தெரியாமல் வந்தவர்களும் அன்று இல்லை. வேறு எங்காவது கொண்டுபோனார்களோ என்று என் கணவர் நான்கு இடங்களுக்குப் போன் செய்தார். பிறகு பின்பக்கக் கட்டடத்தை நோக்கி நடந்தார். எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை. பிணவறைக்கு வழி காட்டும் பலகை எனக்கும் தெரிந்தது.

இர்பான் எங்கள் ஒரே மகன். பாலிடெக்னிக் முடித்தவன். நேர்முகத் தேர்வுகளில் நன்றாகத்தான் பேசுவான். பெயரையும் ஏரியாவையும் கேட்ட பிறகு அவர்கள் முகம் மாறும். ஒன்பது இடங்களில் அலைந்து, கடைசியில் வீடுகளுக்குப் போய்த் தண்ணீர் ஃபில்டர் பழுது பார்க்கும் வேலை கிடைத்தது. இரண்டாம் மாதம் ஒரு வீட்டில் ஃபில்டரைக் கழற்றிப் போட்டிருக்கிறான். பெயர் கேட்டார்கள். சொன்னான். "நீ அப்படியே வெச்சுட்டுக் கிளம்பு. வேற ஆள அனுப்பச் சொல்றோம்" என்றார்களாம். அவன் கையில் இருந்த ஈரத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட விடவில்லை.

மறுநாள் சூப்பர்வைசர் புது பேட்ஜ் ஒன்று கொடுத்தார். அதில் 'அருண்' என்று இருந்தது. "தப்பா நெனைக்காத தம்பி. கஸ்டமர் யோசிக்கறாங்க" என்றாராம்.

என் கணவர் கொதித்தார். நான்தான் அடக்கினேன். "பேருல என்ன கண்ணு இருக்குது? வேலை நெலைக்கோணும். பொறுத்துக்க" என்றேன். படித்தவள், விவரம் தெரிந்தவள் என்று என்னை நினைத்துக்கொண்டு சொன்ன புத்தி அது. தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு அந்த பேட்ஜையும் நானே எடுத்து வைத்தேன். மாலையில் வாசலிலேயே அதைக் கழற்றி ஷூவுக்குள் போட்டுவிட்டுத்தான் அவன் உள்ளே வருவான்.

ஒரு நாள் அவன் சாப்பிடும்போது அவன் போன் அடித்தது. நான் எடுத்தேன். "அருண் ஊடுங்களா?" என்றது ஒரு பெண் குரல். "ஆமாங்க, அருண் ஊடுதானுங்க" என்றேன். இர்பான் பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்து கை கழுவினான்.

அதன் பிறகு அவன் பேச்சு குறைந்தது. பகலில் கண் சொருகும். கேட்டால் முதுகு வலி என்பான். ஒரு நாள் அவன் வண்டிப் பெட்டியில் பாதி காலியான மாத்திரை அட்டை கிடைத்தது. "வலி மாத்திரைம்மா, சத்தியமா" என்றான். அந்த அட்டையை எடுத்து என் கைப்பைக்குள் ஒளித்தேன். மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடம்கூட. வெளியில் தெரிந்தால், "இவங்க பசங்களே இப்படித்தான்" என்று ஊர் சொல்லும். ஜமாஅத்தில் தெரிந்தால் வளர்ப்பைக் குறை சொல்வார்கள். இரண்டு பக்கமும் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

அன்று ஆஸ்பத்திரியில் நின்றிருந்தபோது மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்கு எங்கிருந்தோ கேட்டது. ஆஸ்பத்திரிக் குழாயில் ஒளுச் செய்து, வராந்தா மூலையில் துப்பட்டாவை விரித்தேன். நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்ததும் வேறு எதுவும் வரவில்லை. "யா அல்லாஹ், என் இர்பான் எங்கே? என் இர்பானைக் காட்டு." அந்தப் பெயரையே சொல்லிச் சொல்லி அழுதேன். அப்போது என் சொந்தக் குரலே காதில் விழுந்தது.

ஆமாங்க, அருண் ஊடுதானுங்க.

எப்படித் தொழுகையை முடித்தேனோ தெரியாது. கவுண்டருக்கு ஓடினேன்.

"அருண்னு யாராவது வந்திருக்காங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வந்திருக்காருங்க. இவ்வளவு நேரமா இர்பான்னுதானேம்மா கேட்டீங்க?"

"அதுவும் அவன்தானுங்க."

அவர் எழுந்து எனக்கு முன்னால் வேகமாக நடந்தார்.

உள்ளே என் பிள்ளை உதடு நீலம் பாரித்துக் கிடந்தான். மூச்சு விட்டு விட்டு வந்தது. சட்டையில் அந்த பேட்ஜ். "எதைச் சாப்பிட்டார்னு தெரியுமா? தெரிஞ்சா உடனே சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர். கைப்பையைத் திறந்து அந்த அட்டையை நீட்டினேன். அவர் பார்த்ததும் நர்ஸிடம் ஓர் ஊசியின் பெயரைச் சொன்னார். சில நிமிடங்களில் அவன் நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியது.

கணவருக்குப் போன் செய்து "இருக்கானுங்க" என்றேன். அந்தப் பக்கம் அழுகை மட்டும் கேட்டது.

"அருண், கண்ணைத் தொறங்க" என்று நர்ஸ் கன்னத்தைத் தட்டினார். அசைவில்லை. "இர்பான், அம்மா வந்திருக்கேன் கண்ணு" என்றேன். இமை பிரிந்தது. அல்ஹம்துலில்லாஹ். பிறகு அந்த நர்ஸ் கேஸ் ஷீட்டில் பழைய பெயரை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். எழுத்து எழுத்தாக நான் சொன்னேன்.

அடுத்த வாரம் அவனே சொன்னான்: "மாத்திரை போட்டா அந்தப் பேருல கூப்பிட்டாலும் உறைக்காதும்மா." அந்தப் பேட்ஜை எடுத்து வைத்தது நான். பொறுத்துக்க என்றது நான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மாத்திரை எடுத்தது தன் தப்பு என்று அவனும் அழுதான்.

இது ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை எடுத்தான். வீட்டுக்கு வந்த பின் ஒரு முறை மாத்திரையைத் தொட்டுவிட்டான். மறுபடியும் கூட்டிப்போனோம். இப்போது பத்து மாதமாக அதைத் தொடவில்லை. மதுக்கரையில் ஒரு சின்ன சர்வீஸ் கடையில் சொந்தப் பெயரில் வேலை செய்கிறான். இன்றும் சில வீடுகளில் வாசலோடு அனுப்புகிறார்கள். வந்து சொல்வான். பொறுத்துக்க என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து முழுதும் கேட்கிறேன். அவன் போன் எடுக்காவிட்டால், எடுக்கும்வரை இன்னும் விடாமல் அடிக்கிறேன்.

சகோதரிகளே, பிள்ளைகளுக்காக துஆ கேளுங்கள். கைப்பையில் ஒளித்து வைத்திருப்பதையும் வெளியே எடுங்கள், வைத்தியரிடம் காட்டுங்கள். வெளியே தன்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பிள்ளை சொல்ல வந்தால் வாயை அடைக்காதீர்கள். உலகம் என்ன பெயர் ஒட்டினாலும், உங்கள் பிள்ளை யார் என்று படைத்தவனுக்குத் தெரியும். அவனை நம்புங்கள்.

போன வெள்ளிக்கிழமை இர்பான் குளித்துக்கொண்டிருந்தான். அவன் போன் அடித்தது. பழைய வாடிக்கையாளர் ஒருவர். "அருண் இல்லீங்களா? ஃபில்டர் ஓடமாட்டேங்குது."

"நீங்க சொல்ற பையன்தானுங்க. ஆனா பேரு இர்பானுங்க. அவனே வரட்டுமுங்களா?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. நான் போனை வைக்கவில்லை. குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தமும் நின்றிருந்தது.